சலூன் நாற்காலியிலிருந்து சுடப்பட்ட குண்டு

சலூன்காரருடைய சோப்புக் கிண்ணத்தைப் பற்றி அதுவரை ஊரில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. திறக்க என்ன இருக்கிறது? பித்தளைக் கிண்ணம். ஒரு கைக்குள் அடங்கும். வாயோரம் உள்பக்கத்தில் திருகுமரை தேய்ந்துபோன தடம். வெளியே ஓர் அம்புக்குறியும் நாலைந்து எழுத்துகளும் பொறித்திருக்கும். நுரை குழைக்கத் தோதான கிண்ணம், ஈரக் கையிலும் வழுக்காது. மாமனார் கண்ணை மூடியபோது சுவர்க் கண்ணாடி, சுழல் நாற்காலி, கத்திகள் இவற்றோடு அதுவும் மருமகனுக்கு வந்து சேர்ந்தது. எங்கிருந்து வாங்கினீர்கள் என்று மாமனாரைக் கேட்டிருக்கலாம். ஆனால் சோப்புக் கிண்ணத்துக்கு யாராவது பூர்வோத்தரம் விசாரிப்பார்களா?

அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்தவர் கடைக்குப் புதிது. வழக்கமாகப் போகும் கடை பூட்டியிருந்ததால் இங்கே நுழைந்திருந்தார். இடது கன்னம் மழித்தாகிவிட்டது. வலது கன்னத்துக்கு நுரை பூசக் கிண்ணத்தைப் பக்கத்தில் கொண்டுபோனபோது அவருடைய பார்வை அதன் விளிம்பில் குத்தி நின்றது.

"அசையாதீங்க" என்றார்.

அது கத்தி பிடித்தவர் சொல்ல வேண்டிய வார்த்தை. சலூன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெரிய மனிதர் சொல்கிறாரே என்று அசையாமல் நின்றார்.

"இது என்ன?"

"சோப்புக் கிண்ணம் சார்."

"அப்படின்னு யார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். கிண்ணம் இருக்கு, உள்ள சோப்பு இருக்கு..."

"பார்த்தீங்களா, விசாரிக்காம முடிவு பண்ணியிருக்கீங்க" என்று வந்தவர் கழுத்தில் துண்டோடு எழுந்து நின்றார். "இது பீரங்கிக் குண்டோட மூடி. குண்டோட மூக்குல, அதை வெடிக்க வைக்கிற ஃபியூஸ் இருக்கும். அதுல எதுவும் இடிச்சிடாம இருக்க மேல திருகி வைக்கிற பாதுகாப்பு மூடி. சுடறதுக்கு முன்னாடிதான் கழட்டுவாங்க. நான் இயக்ககத்துல ஆய்வாளர்."

எந்த இயக்ககம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் இருப்பது அது ஒன்றுதான். பழைய பீரங்கிக் குண்டுகளின் பாதுகாப்பு உறுப்புகள் அடையாளங்காணும் இயக்ககம் என்று முழுப்பெயர். மூச்சு வாங்கும் என்பதால் ஊரார் மூடியாபீஸ் என்பார்கள்.

எந்தக் காலத்திலோ இந்தப் பக்கம் ஒரு சண்டை நடந்தது. யாருக்கும் யாருக்கும் என்பதில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. சண்டை ஓய்ந்த பிறகு உழுத இடத்திலெல்லாம் குண்டு கிடைத்ததால் இரண்டு துறைகளை வைத்தார்கள். குண்டுகளைக் கவனிக்க ஒன்று. அவற்றிலிருந்து கழன்ற மூடி, ஊசி, தக்கை ஆகியவற்றை அடையாளம் காண இன்னொன்று. குண்டுகளைக் கவனித்த துறை வேலையை முடித்துவிட்டது, அதனால் அதை மூடிவிட்டார்கள். மூடிகளைக் கவனித்த துறை வேலையை முடிக்கவில்லை, அதனால் அது வளர்ந்தது.

ஆய்வாளர் பையிலிருந்து ஒரு சிவப்பு நாடாவை எடுத்தார். சலூன்காரரை மரியாதையாக வெளியே அனுப்பிக் கதவுக்குக் குறுக்கே நாடாவைக் கட்டி முத்திரை வைத்தார். கத்திகள், கத்தரிக்கோல்கள், சாணைத்தோல் எல்லாம் உள்ளே.

"சார், மூஞ்சி பாதியில நிக்குதே. அதையாவது முடிச்சிடறேன், உட்காருங்க."

ஆய்வாளர் வாசலில் நின்றபடியே உள்ளே சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். இயக்ககத்தின் முதல் விதி, கண்டெடுத்த இடத்தில் இருந்தவை யாவும் கண்டெடுத்த நிலையிலேயே பேணப்பட வேண்டும். கண்டெடுத்த நேரத்தில் அந்த இடத்தில் அவருடைய முகமும் இருந்தது.

"முடியாது" என்றார் மெதுவாக. "அடையாளம் கண்டு முடிக்கிற வரைக்கும் இதுவும் சாட்சியம்."

அந்த மனிதரிடம் ஒரு நேர்மை இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பாதி தாடியோடு வீட்டுக்குப் போனார்.

சலூன்காரர் வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"எங்கப்பா கடைய யாரு பூட்டினது?"

"மூடியாபீஸ்காரங்க. நம்ம சோப்புக் கிண்ணம் குண்டு மூடியாம்."

"இருந்துட்டுப் போகட்டுமே. மூடிதானே? குண்டு இல்லையே?"

"அதையேதான் நானும் கேட்டேன். குண்டு இல்லாததுதான் ஆபத்துங்கறாங்க."

அவளுக்கு வந்த கோபத்தில் பாதி கணவன் மேல் விழுந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு வந்து நிற்கிறீர்களே, அந்த ஆளைப் பார்த்ததும் வெந்நீர் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா என்று பொரிந்து தள்ளினாள். சலூன்காரருடைய கவலை வேறு. ஒரு கன்னம் ஒரு தடவை வேறொரு கைக்குப் பழகிவிட்டால் திரும்பி வராது. இந்தத் தொழிலில் அது எல்லோருக்கும் தெரியும். கடை பூட்டியிருக்கும் ஒவ்வொரு காலையிலும் அவருடைய வாடிக்கைக் கன்னங்கள் ஒவ்வொன்றாக அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மறுநாள் மூடியாபீஸுக்குப் போனார். உயரமான கூரையும் அகலமான படிகளுமாகக் கட்டடம் பெரியது. உள்ளே மூன்று பிரிவுகள். மூடிப் பிரிவு, ஊசிப் பிரிவு, தக்கைப் பிரிவு. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. கிண்ணம் இயக்குநருடைய மேசையில் தனியாக வீற்றிருந்தது. அதைச் சுற்றி மூன்று பிரிவுத் தலைவர்களும் நின்றிருந்தார்கள்.

"இது மூடி. குழந்தைகூடச் சொல்லும்" என்றார் மூடிப் பிரிவுத் தலைவர்.

"மூடின்னா எதையாவது மூடியிருக்கணும். இது எதையும் மூடல. உள்ள அடைக்கிறதுதான் தக்கை. இதுக்குள்ள சோப்பு அடைச்சிருக்கு" என்றார் தக்கைப் பிரிவுத் தலைவர்.

ஊசிப் பிரிவுத் தலைவர் அமைதியாகப் புன்னகைத்தார். "இதுல ஊசி இல்ல. அப்போ ஊசி தொலைஞ்சிருக்கு. தொலைஞ்சது ஊசின்னா விஷயம் எங்களோடது."

சலூன்காரர் தயங்கித் தயங்கி, கவிழ்த்து வைத்தால் மூடி, நிமிர்த்தி வைத்தால் கிண்ணம், அவ்வளவுதானே ஐயா என்று கேட்டார். மூவரும் அவரை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்கள். இது தீவிரமான கருத்து என்றும், கவிழ்ப்பதா நிமிர்த்துவதா என்பதில் இயக்ககம் ஒரு பக்கம் சாயக்கூடாது என்றும் ஒருமனதாகத் தீர்மானித்துப் பொருளைப் படுக்க வைத்தார்கள். நுரை மேசையில் வழிந்தது.

அதைப் பார்த்துப் பதறிப்போய் ஆய்வாளர் ஓடி வந்தார். கண்டெடுத்த நிலையில் நுரை ஈரமாக இருந்தது, இப்போது காய்கிறது, வழிகிறது. விதி என்னாவது? நுரையை யார் குழைத்தாரோ அவரே வந்து தினமும் குழைத்து அதே பதத்தில் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று முதல் சலூன்காரர் காலையில் மூடியாபீஸுக்கு வந்து, யார் கன்னத்துக்கும் போகாத நுரையைக் குழைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எதிரே பாதி தாடியோடு ஆய்வாளர் உட்கார்ந்து பதம் பார்த்தார். தாடி நாளுக்கு நாள் தழைத்தது. வீட்டில் அவருடைய மனைவி அவருக்கு இடது பக்கம் மட்டுமே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று ஒரு நாள் தானாகவே சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சலூன்காரருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த தெருக்காரன் நினைவு வந்ததும் அந்தப் பாவம் கரைந்துவிட்டது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் இயக்குநரையே பார்த்துக் கேட்டுவிட்டார்.

"ஐயா, கடையத் திறக்க விடுங்க. அந்தக் கிண்ணம் எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க. நான் ஒரு பிளாஸ்டிக் டப்பால குழைச்சுக்கறேன்."

இயக்குநர் பெரிய உடம்பும் மெல்லிய குரலும் உள்ளவர். சுழல் நாற்காலியில் அரைவட்டம் சுற்றிவந்து நின்றார்.

"நீங்க உங்க கடையப் பத்தி மட்டும் நினைக்கிறீங்க. நான் எல்லாரையும் பத்தி நினைக்கிறேன். மூடி கழண்டு கிடக்குதுன்னா என்ன அர்த்தம்? மூடி பத்திரமா இருக்கு, குண்டு பத்திரமா இல்ல. மூடி எவ்வளவு பத்திரமா இருக்கோ, குண்டு அவ்வளவு ஆபத்துல இருக்கு. உங்க மாமனார் இதைத் தேய்ச்சுப் பளபளன்னு வச்சிருந்திருக்கார். நினைச்சாலே நடுங்குது."

"ஐயா, குண்டுதான் எங்கயும் இல்லையே?"

"அதுதான் பயமே! கண்ணுக்குத் தெரியற குண்டுன்னா சுத்திப் போயிடலாம்." அவர் மேசை மேலிருந்த கிண்ணத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார். "குண்டை அடையாளம் காண என்ன படிப்பு வேணும்? வெடிச்சா குண்டு. மூடி வெடிக்காது. வெடிக்காத ஒரு பொருளைப் பத்தி ஆயுசு பூரா கவலைப்படறதுக்கு ஒரு தனி மனசு வேணும். இந்த இயக்ககம் வந்தப்புறம் ஒரு மூடிகூட வெடிச்சதில்ல. ஆனா இதை யார் பாராட்டறாங்க?"

சலூன்காரர் எங்கே பாராட்டுவது, எப்படிப் பாராட்டுவது என்று தெரியாமல் கைகூப்பினார். அதை இயக்குநர் முறையாக ஏற்றுக்கொண்டார். அதே மூச்சில் ஒரு சிக்கலையும் தீர்த்துவைத்தார். கண்டெடுத்த பொருள் கண்டெடுத்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது; கிண்ணமோ தன் மேசையில் இருக்கிறது. எனவே நுரை எங்கே ஈரமாக இருக்கிறதோ அதுவே கண்டெடுத்த இடம் என்று ஆணையிட்டார். இதனால் தன் மேசை சட்டப்படி சரியாகிவிட்டது என்று அவருக்குத் திருப்தி.

அடுத்து குண்டைத் தேடும் படலம் ஆரம்பமாயிற்று. மூடியைக் கழற்றுவது சுடுவதற்கு முன்னால். கழற்றிய மூடியை யாரும் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார்கள், நின்ற இடத்திலேயே போட்டுவிடுவார்கள். ஆகவே மூடி இருந்த சலூனில்தான் பீரங்கி நின்றிருக்க வேண்டும். இதை ஆய்வாளர் அறிக்கையாகப் படித்தபோது மூன்று பிரிவுகளும் கைதட்டின.

இயக்ககத்தின் நில அளவையாளர் முக்காலியும் கருவியுமாகக் கடைக்கு வந்தார். நாடாவைத் தாண்டி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார்.

"பீரங்கி கனமான சாமான். தரை தாங்கணும். இந்தக் கடைல தரையோட போல்ட் போட்டு முடுக்கின எடம் எது?"

"நாற்காலிதான் சார்" என்றார் சலூன்காரர் வாசலில் நின்றபடி.

"அப்போ பீரங்கி இங்கதான் நின்னிருக்கு. எந்தப் பக்கம் பார்த்து?"

அளவையாளர் நாற்காலியைத் தொட்டார். சலூன்காரர் அதற்கு வாராவாரம் எண்ணெய் போடுகிறவர். அது சத்தமே இல்லாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றது. அளவையாளரின் முகம் வெளுத்துவிட்டது.

"நாலு பக்கமும் சுட்டிருக்காங்க" என்றார்.

வரைபடத்தில் சலூன் நாற்காலியை நடுவாக வைத்து, பீரங்கி எவ்வளவு தூரம் சுடுமோ அவ்வளவுக்கு ஒரு வட்டம் போட்டார்கள். வட்டக் கோடு எந்தெந்த வீட்டின் மேல் போயிற்றோ அந்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம், உங்கள் வீட்டடியில் சலூனிலிருந்து சுடப்பட்ட குண்டு இருக்கலாம், காலி செய்யவும் என்று நோட்டீஸ் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சலூன்காரர் தெருவில் நடந்தால், ஏன்யா, உனக்கு நாங்க என்னய்யா கெடுதல் பண்ணினோம் என்று கேட்டார்கள். சலூன்காரருடைய சம்பந்தி வீடும் கோட்டின் மேல் இருந்தது. சம்பந்தியம்மா வந்து, பெண் கொடுத்த இடத்திலேயே குண்டு போடுவீர்களா என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். சலூன்காரர் அன்று அழுதுவிட்டார். தான் ஒரு கொசுவைக்கூடக் குறிபார்த்து அடித்ததில்லை என்று மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கோடு அமைச்சருடைய வீட்டின் மேலும் போயிருந்தது என்பது நோட்டீஸ் போன பிறகுதான் தெரிந்தது. அமைச்சர் வீட்டிலிருந்து போன் வந்தது. இயக்குநர் நின்றுகொண்டே பேசினார். அன்று மாலையே, சண்டைக் காலத்தில் எதிர்க்காற்று அடித்திருக்க வாய்ப்பு உண்டு என்று தெரியவந்து வட்டத்தைச் சற்றுச் சுருக்கினார்கள்.

சுருக்கின வட்டம் அதிகாரிகள் கிளப்பின் மேல் விழுந்தது. பீரங்கிக்கு வயதாகியிருக்கலாம் என்று இன்னும் சுருக்கினார்கள். அது நேராக மூடியாபீஸின் மேலேயே போயிற்று. வெடிமருந்து நமுத்திருக்கும் என்றார் தக்கைப் பிரிவுத் தலைவர். அதற்கடுத்த வட்டம் இயக்குநருடைய மாமியார் வீட்டின் மேல். இயக்குநர் ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் அதையும் சுருக்கினார். அடுத்து ஆஸ்பத்திரி. நோயாளிகளிடமிருந்து போன் எதுவும் வராததால் வட்டம் அங்கே கொஞ்ச காலம் நிலைத்திருந்தது. நடுவில் இயக்குநருக்குப் பல்வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது; குண்டு சோர்ந்துபோய் வழியிலேயே விழுந்திருக்கக்கூடும் என்று தோன்றியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக வட்டம் தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து கடைக்கு வந்தது. கடைசியில் அளவையாளர் பென்சிலை ஊன்றிய இடத்திலேயே எடுத்துவிட்டார். சலூன் நாற்காலியிலிருந்து சுடப்பட்ட குண்டு, சலூன் நாற்காலியின் அடியிலேயே விழுந்திருந்தது.

யாருக்கும் தொந்தரவில்லாத இந்த முடிவை எல்லாரும் வரவேற்றார்கள். கடையைத் தோண்டுவதற்கு நாள் குறித்தார்கள்.

அன்று காலை கடப்பாரைகளோடு நாலு பேர், இயக்குநர், மூன்று தலைவர்கள், மார்பு வரை பாதி தாடி தொங்கும் ஆய்வாளர் எல்லாரும் கடை வாசலுக்கு வந்தார்கள். வாசலில் சலூன்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சலூன்காரர் நின்றிருந்தார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அம்மா, கொஞ்சம் நகருங்க. உங்க பாதுகாப்புக்காகத்தான்" என்றார் இயக்குநர்.

"எங்கப்பா நின்னு நின்னு கால் மரத்துப்போன தரை இது. இதைத் தோண்டறதுன்னா முதல்ல என்னைத் தோண்டுங்க."

"குண்டு இருக்கும்மா உள்ள."

"எப்படித் தெரியும்?"

"மூடி எங்க இருக்கோ அங்க பீரங்கி. பீரங்கி எங்கயோ அங்கயேதான் இந்தக் குண்டு விழுந்திருக்கு. கணக்குப் போட்டாச்சு."

அவளுக்குக் கணக்கு ஒன்றும் தெரியாது. கோபம்தான் தெரியும். "மூடி எங்க இருக்கு இப்போ? உங்க மேசைலதானே இருக்கு? காலங்காத்தால எங்க வீட்டுக்காரர் அங்க வந்துதானே நுரை குழைக்கிறார்? நுரை எங்க ஈரமா இருக்கோ அதுதான் எடம்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க? அப்போ உங்க நாற்காலிக்கு அடில போய்த் தோண்டுங்களேன்யா!"

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் கடப்பாரையைப் போட்டிருப்பார்கள். இவர்கள் மூடியாபீஸ்காரர்கள். இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். ஆய்வாளரைப் பார்த்தார்.

"என் நாற்காலி சுத்துமா?"

"சுத்தும் சார்" என்றார் ஆய்வாளர் தாழ்ந்த குரலில்.

கடப்பாரைக்காரர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். கிண்ணத்தை விதிப்படி மேசையிலேயே விட்டுவிட்டு இயக்ககத்தின் கட்டடத்தை அன்று மதியத்துக்குள் காலி செய்தார்கள். அவ்வளவு வேகமாக அந்த இயக்ககம் அதற்கு முன்னும் ஒரு வேலை செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. வாசற்படியில் ஒரு பலகை மாட்டினார்கள்: ஆபத்து, உள்ளே நுழையாதீர். தோண்டவில்லை. இயக்ககத்தைத் தோண்ட இயக்ககத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சலூன்காரர் கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இவ்விடத்தில் குண்டு இல்லை, இருந்ததில்லை, இருக்க வாய்ப்பும் இல்லை என்று அதில் எழுதி மூன்று தலைவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாவை அறுத்தது ஆய்வாளர்தான். அறுத்த கையோடு நாற்காலியில் போய் விழுந்தார். இனி அவருடைய முகம் சாட்சியம் இல்லை. சலூன்காரர் தாடியைக் கத்தரித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நுரை குழைத்து, வலது கன்னத்தை மழித்து முடித்தார். கன்னத்தில் காற்றுப் பட்டதும் அந்த மனிதர் குழந்தை மாதிரி விம்மினார். வீட்டுக்குப் போய் மனைவியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரச் சொல்லப்போகிறேன் என்றார். சலூன்காரருக்கும் நெஞ்சு நிறைந்தது. கண்ணாடியைத் துடைத்தார், கத்திகளைச் சாணைத்தோலில் இழுத்தார், மனைவி தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். கன்னங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று இருவருக்கும் நம்பிக்கை பிறந்திருந்தது.

அப்போது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அலமாரிகள் இறங்கின. மூடிப் பிரிவு வலது மூலையிலும், ஊசிப் பிரிவு இடது மூலையிலும், தக்கைப் பிரிவு கை கழுவும் தொட்டியின் அடியிலும் இடம் பிடித்தன. இயக்குநர் உள்ளே வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அதன் தலைத்தாங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா, இது என்ன ஐயா?" என்றார் சலூன்காரர்.

"ஆபத்தான எடத்துல இயக்ககம் இருக்கக்கூடாது. பாதுகாப்பான எடம்னு இந்த ஊர்ல சான்று இருக்கறது இது ஒண்ணுக்குத்தான். சான்று கொடுத்தது நாங்க. அதை நாங்களே நம்பலேன்னா வேற யார் நம்புவாங்க?"

"அப்போ என் கடை?"

"பழைய கட்டடம் சும்மாதானே கிடக்கு? ஊழியர்கள்தான் உள்ள போகக்கூடாது. நீங்க ஊழியர் இல்லையே."

"அங்க குண்டு இருக்குன்னு சொல்றீங்களே ஐயா!"

"இருக்கலாம்னு சொல்றோம்" என்று இயக்குநர் பொறுமையாகத் திருத்தினார். "இருக்குன்னு சொன்னா தோண்டணும்."

மனைவி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் நியாயம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். எங்கப்பா கடை, எங்கப்பா கடை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டபோது ஊசிப் பிரிவுத் தலைவர் சத்தம் போடாதீர்கள், இது அலுவலகம் என்றார். சலூன்காரர் கத்திப் பெட்டியை ஒரு கையிலும் மனைவியின் கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்தால் எங்கே அழுதுவிடுவோமோ என்று நேரே பார்த்தபடியே போனார்.

மறுநாள் காலை இயக்குநரின் பழைய அறையில் கடை விரித்தார். ஜன்னலோரமாக ஒரு கண்ணாடி, இயக்குநர் விட்டுவிட்டுப் போன நாற்காலி, ஒரு வாளித் தண்ணீர். அறை பெரிதாக இருந்தது, வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் வாசலில் அந்தப் பலகை. கழற்றினால் குற்றம் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். ஆபத்து என்று சிவப்பில் எழுதிப் போட்ட இடத்துக்குள் யார் கழுத்தை நீட்ட வருவார்கள்? தொழில் போச்சு என்று சலூன்காரர் முடிவே கட்டிவிட்டார். மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறவர்கள் பலகையைப் படித்தார்கள், போய்விட்டார்கள். உச்சி வெயில் ஏறியது.

அப்போது அவருடைய பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், மூட்டை தூக்குகிறவர், கன்னத்தைச் சொறிந்துகொண்டே படியேறி வந்தார். பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

சலூன்காரருக்கு மனசு கேட்கவில்லை. வந்த ஒரே ஆளையும் விரட்டுவது போலாகும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லிவிட்டார். "அண்ணே, பலகையப் படிச்சீங்கல்ல? கீழ குண்டு இருக்கலாமாம்."

"யாரு சொன்னா?"

"மூடியாபீஸ்காரங்கதான்."

"அவங்களா?" என்றார் மூட்டைக்காரர். வெளியே திரும்பி, தெருவில் நின்றிருந்த தன் கூட்டாளிகளை வாங்கடா என்று கையசைத்துக் கூப்பிட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தாடையை உயர்த்திக்கொண்டார்.